பிறர்துயர் காணும் கல்வி

நுழையும்முன்

இயல், இசை, நாடகம் என்னும் மூன்றனுள் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே விருந்தாவது நாடகம். ஆயினும் வகுப்பறையில் நாம் அதனைப் பெரும்பாலும் அச்செழுத்தாகவே அறிகிறோம். துன்பியல் நாடகம் ஒன்றை மேடையில் நேரே காணும் மாணவர் பெறுவது என்ன? நூலில் படித்து அறிவதினும் அது எவ்வாறு வேறுபடுகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடித் தன் கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

இரண்டு வழிகள்

1891ஆம் ஆண்டு தமிழ் நாடகத்திற்கு இரண்டு வழிகளைத் திறந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய பெ. சுந்தரனார் 'மனோன்மணீயம்' என்னும் கவிதை நாடகத்தை அவ்வாண்டில் வெளியிட்டார். மேடையில் நடிப்பதைக் காட்டிலும் படித்துச் சுவைப்பதற்கே ஏற்ற நாடகமாக அறிஞர்கள் அதனைப் போற்றுவர். அதே ஆண்டில், பம்மல் சம்பந்தனார் என்னும் பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர் சென்னையில் 'சுகுண விலாச சபை' என்னும் நாடக அமைப்பைத் தோற்றுவித்தார். அதுவரை தமிழ் நாடகங்களின்மீது அவருக்கு விருப்பமே இருந்ததில்லை. அவர் மனத்தை மாற்றியது எந்த நூலுமன்று. பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகக் குழுவினரின் நடிப்பை நேரில் கண்ட அனுபவமே ஆகும். பின்னாளில் அவர் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதித் தமிழ் மேடைக்குப் புதுவாழ்வு தந்தார்.

படித்தல் ஒரு வழி. காணுதல் மற்றொரு வழி. நம் பள்ளிக்கல்வி முதல் வழியை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டது. நாடகப் பகுதியை வாய்விட்டுப் படிக்கிறோம், அருஞ்சொற்பொருள் அறிகிறோம், தலைமை மாந்தரின் பண்புநலன்களை நெடுவினாவுக்கு விடையாக எழுதுகிறோம். திரை மட்டும் எழுவதில்லை.

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் முன்னர் ஒவ்வொரு மாணவரும் துன்பியல் நாடகம் ஒன்றையேனும் நேரில் காண வேண்டும் என்பது என் கருத்து. அதனைச் சுற்றுலா போன்றதொரு சலுகையாகக் கருதாமல், பாடத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். பிறருடைய துயரத்தை முகந்திருப்பாமல் முழுதும் கண்டு நிற்பது ஒரு திறன். அத்திறனை நூல் அறிமுகப்படுத்தும், மேடையே பழக்கும்.

வென்றவர் கண்ட தோற்றவர் துயர்

இக்கருத்துக்குச் சான்றாகப் பழைய கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரை நோக்குவோம். அங்கு ஆண்டுதோறும் இளவேனில் தொடக்கத்தில் தயோனிசஸ் என்னும் தெய்வத்திற்கு விழா எடுத்தனர். அவ்விழாவில் நாடகப் போட்டிகள் நடைபெற்றன. மலைச்சரிவில் அமைந்த திறந்தவெளி அரங்கில், பகலொளியில், நகர மக்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து நாடகம் கண்டனர். முகமூடி அணிந்த நடிகர் சிலரும், ஆடியும் பாடியும் கதையோடு இயைந்து நிற்கும் குழுவினரும் மேடையில் தோன்றினர். ஏழை மக்களும் நாடகம் காணுமாறு நுழைவுக்கட்டணத்திற்குரிய பொருளைப் பிற்காலத்தில் அரசே வழங்கியது. நாடகம் காண்பது குடிமக்களின் கடமைகளுள் ஒன்று என அந்நகரம் கருதியதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கி.மு. 416இல் ஏதென்ஸ், மீலோஸ் என்னும் சிறு தீவின்மீது படையெடுத்தது. போரில் எப்பக்கமும் சேராமல் ஒதுங்கியிருக்க விரும்பியதே அத்தீவினர் செய்த குற்றம். முற்றுகைக்குப்பின் மீலோஸ் பணிந்தது. பிடிபட்ட ஆடவரை ஏதென்ஸ் படையினர் கொன்றனர். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றனர். அதையடுத்த இளவேனிலில், கி.மு. 415இல், யூரிபிடிஸ் என்னும் நாடக ஆசிரியர் 'திராய் மகளிர்' என்னும் துன்பியல் நாடகத்தை அதே ஏதென்ஸ் மக்கள்முன் அரங்கேற்றினார்.

நாடகத்தின் கதை பழமையானது. கிரேக்கர் பத்தாண்டுகள் போரிட்டுத் திராய் நகரை அழித்துவிட்டனர். ஆடவர் அனைவரும் மாண்டனர். எஞ்சிய பெண்கள், எந்தத் தலைவனுக்கு யார் அடிமை என்னும் அறிவிப்பை எதிர்நோக்கிக் கடற்கரையில் காத்திருக்கின்றனர். நேற்றுவரை அரசியாக இருந்த முதியவள் ஹெக்யூபா மண்ணில் கிடக்கிறாள். அவளுடைய மருமகள் ஆந்த்ரோமகியின் கையிலுள்ள சிறுவன், வளர்ந்தால் பழிவாங்குவான் என்று அஞ்சிய கிரேக்கர், அவனை நகரத்து மதிலின்மேலிருந்து வீழ்த்துமாறு ஆணையிடுகின்றனர். முடிவில், அவனுடைய தந்தை ஏந்திப் போரிட்ட கேடயத்தின்மீதே அச்சிறுவனின் உடல் கிடத்தப்பட்டு மேடைக்கு வருகிறது.

இந்நாடகத்தைக் கண்டவர்கள் யார் என்பதை எண்ணிப்பாருங்கள். சில திங்களுக்கு முன்னர் மற்றொரு நகரத்தை அழித்தவர்கள் அவர்கள். தாம் வென்ற கதையைக் கேட்டுப் பழகியவர்களுக்குத் தோற்றவரின் வாயால் அதே கதை சொல்லப்பட்டது. எழுந்து போகாமல் அமர்ந்து கண்டனர் என்பதே வியப்பு. அவ்வாண்டுப் போட்டியில் யூரிபிடிஸ் இரண்டாம் பரிசு பெற்றார்.

நாடகம் போரை நிறுத்தியதா என்றால், இல்லை. அதே ஆண்டில் ஏதென்ஸின் கப்பற்படை சிசிலித் தீவை நோக்கிப் புறப்பட்டு, பின்னர் பேரழிவைச் சந்தித்தது. நாடகம் சட்டமியற்றும் மன்றமன்று. படையைத் திருப்பும் ஆற்றல் அதற்கில்லை. ஆயினும், பகைவருக்கும் தாயுண்டு, மருமகளுண்டு, பேரன் உண்டு என்பதை ஒருமுறை கண்ணால் கண்டவர் இனி அதனை அறியாதவர்போல் நடிக்க இயலாது. துன்பியல் நாடகம் தரும் கல்வி அத்தகையது.

ஒப்பாரியில் ஒரு கிரேக்க நாடகம்

கடல் கடந்த இந்நாடகம் தமிழ் மேடைக்கும் வந்தது. அதனைக் கொணர்ந்தவர் சே. இராமானுஜம். தேனி மாவட்டத்திற்கு அண்டையிலுள்ள திண்டுக்கல் மாவட்டத்தின் காந்திகிராமத்தில் ஆசிரியப் பணியாற்றியவர். தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். 1977இல் காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிலரங்கின்வழித் தமிழ் நவீன நாடகத்திற்கு வித்திட்டவர்களுள் ஒருவர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறையில் பணியாற்றிய அவர், 'திராய் மகளிர்' நாடகத்தைத் தழுவி 'வெறியாட்டம்' என்னும் நாடகத்தை உருவாக்கினார்.

கிரேக்கப் பெண்களின் புலம்பலைத் தமிழில் சொல்வதற்கு அவர் நாடியது நம் ஊர்ப் பெண்களின் ஒப்பாரியை. இதில் ஆழ்ந்த பொருத்தம் உண்டு. கிரேக்க நாடகத்தில் குழுவினர் சேர்ந்து பாடுவர். ஒருவர் துயரத்தை மற்றவர் ஏற்றுத் தொடர்வர். நம் ஊர்களிலும் ஒப்பாரி தனித்து ஒலிப்பதில்லை. ஒருத்தி சொல்லெடுக்க, சூழ்ந்திருப்போர் மார்பிலடித்து அதனை வாங்கிக்கொள்வர். இறந்தவரின் சிறப்பு, இழந்தவரின் நிலை, வாராத உறவின்மீது வருத்தம், விதியின்மீது சினம் ஆகிய அனைத்தும் அப்பாட்டில் இடம்பெறும். படிப்பறிவற்றவர் எனக் கருதப்படும் மூதாட்டியர் காத்துவந்த அக்கலை, உலகப் புகழ்பெற்ற நாடகம் ஒன்றைத் தாங்கும் வலிமையுடையது என்பதை 'வெறியாட்டம்' காட்டியது.

தோற்றவரின் குரலைப் பாடுவது நமக்குப் புதிதுமன்று. தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிரின் பாடல் புறநானூற்றில் உள்ளது. தலைவனை இழந்தோர் செயலற்று வருந்துவதைக் 'கையறுநிலை' எனத் தனித் துறையாக வகுத்த மரபு நம்முடையது.

எழுத்து காட்டாதது

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் அழுகையும் அச்சமும் அடங்கும். அழுகை பிறக்கும் களங்களாக இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை ஆகிய நான்கனைச் சுட்டினார். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், துன்பியல் நாடகம் காண்போர் உள்ளத்தில் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவ்வுணர்வுகளைத் தெளிவுறச் செய்யும் என்றார். வெவ்வேறு மொழியினர், வெவ்வேறு காலத்தவர் ஆகிய இருவரும் ஒரே இடத்தைத் தொடுகின்றனர். 'மெய்ப்பாடு' என்னும் சொல்லையே நோக்குக. உள்ளத்து உணர்வு மெய்யில், அஃதாவது உடலில், தோன்றுவது மெய்ப்பாடு. உடலில் தோன்றுவதை உடலில்தானே காண வேண்டும்?

'திராய் மகளிர்' நாடகத்தில் தல்திபியஸ் என்னும் தூதன் வருகிறான். கிரேக்கத் தலைவர்களின் ஆணைகளை அறிவிப்பது அவன் பணி. நாடகத்தைப் படிப்பவர் அவனை எளிதில் கடந்துவிடுவர். நெடுவினாவில் அவனுக்கு இடமில்லை. மேடையில் அவனைக் கடந்துசெல்ல முடியாது. சிறுவனைக் கொல்லும் ஆணையைச் சொல்ல வந்தவன் சொல்லத் தயங்குகிறான். பின்னர், மாண்ட சிறுவனின் உடலை வழியிலுள்ள ஆற்றில் தானே கழுவித் தூய்மை செய்து கொணர்கிறான். அவன் கொடியவனல்லன், ஆயினும் கொடுமை அவன் கைவழியே நிகழ்கிறது. நடிகர் ஒருவர் தலைதாழ்த்தி, ஹெக்யூபாவின் முகத்தைப் பார்க்க இயலாமல் நிற்கும்போது, 'நல்லவன் ஒருவன் ஏன் இதற்கு உடன்பட்டான்?' என்னும் வினா பார்ப்போர் உள்ளத்தில் தானே எழுகிறது. ஆசிரியர் அதனைக் கேட்க வேண்டியதில்லை.

மௌனத்தையும் அச்சில் காட்ட இயலாது. கேடயத்தின்மீது கிடக்கும் பேரனை ஹெக்யூபா நோக்கும் நேரத்தை நூலில் ஒரு வரி விழுங்கிவிடும். அரங்கில் அந்நேரம் நீளும். முந்நூறு மாணவர் ஒருசேர மூச்சடக்கி அமர்ந்திருக்கும் அந்நிலையில், தான் மட்டும் வருந்தவில்லை, அருகிலிருப்பவரும் வருந்துகிறார் என்பதை ஒவ்வொருவரும் உணர்வர்.

காந்தியடிகள் சிறுவராக இருந்தபோது, நாடகக் குழு ஒன்று நடித்த அரிச்சந்திரன் நாடகத்தைத் தந்தையின் இசைவுடன் கண்டார். அந்நாடகம் தம்மை விடாது தொடர்ந்தது என்றும், அரிச்சந்திரனாகத் தமக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகவும் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார். 'வாய்மையே பேசுக' என்னும் அறிவுரையை அக்காலத்துச் சிறுவர் அனைவரும் கேட்டிருப்பர். வாய்மைக்காகத் துயருறும் ஒருவனை மேடையில் கண்டதே அவருள் வேரூன்றியது.

மறுப்புகள் சில

இக்கருத்தை மறுப்போர் கூறுவனவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

'இளம் உள்ளங்களுக்குத் துயரம் எதற்கு? மகிழ்ச்சியூட்டும் நாடகம் போதாதா?' என்பர் சிலர். பதினாறு வயது மாணவர் துயரம் அறியாதவர் என்பது பெரியோரின் கற்பனை. மழை பொய்த்த ஆண்டையும், கடனுக்கு அஞ்சும் தந்தையையும், எதிர்பாராத இறப்பையும் அவர் வீட்டிலேயே கண்டிருக்கிறார். அவருக்குக் கிட்டாதது துயரமன்று. துயரத்தைப் பற்றிப் பேசுவதற்குரிய மொழியும் துணையும் ஆகும். நாடகம் அவ்விரண்டையும் தருகிறது. உள்ளத்தை மிகவும் வருத்தும் காட்சிகளைப் பற்றி முன்னரே மாணவரிடம் எடுத்துரைப்பதும், நாடகம் முடிந்தபின் அவர்கள் மனம்விட்டுப் பேச இடமளிப்பதும் ஆசிரியரின் பொறுப்பு.

'கிரேக்க நாடகம் நமக்கு அயலானது' என்பது இரண்டாவது மறுப்பு. நல்லதங்காள் கதையை அறிந்தவருக்கு ஹெக்யூபா அயலவள் அல்லள். பஞ்சத்தில் பிள்ளைகளுடன் அண்ணன் வீடு தேடிவந்தவளுக்கு அண்ணி கதவடைக்கிறாள். அதன்பின் நிகழ்வன அனைத்தும் அக்கதவிலிருந்தே தொடங்குகின்றன. அக்கதையை மேடையில் காண்போர் நல்லதங்காளின் முடிவைப் போற்றுவதில்லை. 'அந்தக் கதவு திறந்திருக்கலாகாதா?' என்றே பதறுகின்றனர். துன்பியல் நாடகம் எந்நாட்டினதாயினும் அவ்வினாவையே எழுப்புகிறது: எந்த இடத்தில், யார் கதவைத் திறந்திருக்க வேண்டும்?

'திரைப்படமும் கைப்பேசியும் இருக்கையில் நாடகம் எதற்கு?' என்பது மூன்றாவது. திரைப்படம் உயர்ந்த கலையே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், கைப்பேசியில் காணும் துயரத்தை விரலால் தள்ளிவிடலாம். மேடையில் அழுபவர் நம்முன் பத்தடி தொலைவில் மூச்சுவிடுகிறார். அவரைத் தள்ளிவிட முடியாது. நாம் சிரித்தால் அவர் செவியில் விழும். நாம் அமைதிகாத்தால் அவர் நடிப்பு ஆழப்படும். காண்போரும் பொறுப்புடையவர் ஆவது நாடகத்தில் மட்டுமே.

'தேர்வுக்கு நேரம் போதவில்லை' என்பது நான்காவது. நாடகம் ஒன்றுக்கு ஒரு பிற்பகல் போதும். பாத்திரப் பண்பு பற்றிய விடையை மனப்பாடம் செய்வதற்கு அதனினும் மிகுந்த நேரத்தை நாம் செலவிடுகிறோம்.

மயிலாடும்பாறைக்கு வரவேண்டிய மேடை

இவையனைத்தும் சென்னை, மதுரை போன்ற நகரத்து மாணவர்க்கே இயலும் என்று எண்ணிவிடலாகாது. தேனி மாவட்டத்தின் மயிலாடும்பாறையை எடுத்துக்கொள்வோம். வருசநாட்டு மலைகளின் அடியில், மூல வைகை ஓடும் பள்ளத்தாக்கில், இலவ மரங்களும் தென்னையும் சூழ அமைந்த ஊர் அது. நகரத்து நாடக அரங்குகள் அங்கிருந்து தொலைவில் உள்ளன. ஆனால், நாடகத்திற்கு வேண்டியவற்றுள் எது அங்கு இல்லை?

கோயில் திருவிழாக்களில் விடியவிடிய இசைநாடகம் நடத்தும் மரபு மதுரை, தேனி வட்டாரத்தில் இன்றும் உயிரோடு உள்ளது. சங்கரதாச சுவாமிகள் வகுத்துத் தந்த பாதையில் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திர மயான காண்டமும் ஊர்ப் பொட்டல்களில் நடிக்கப்படுகின்றன. ஒப்பாரி பாடவல்ல மூதாட்டியர் ஊர்தோறும் உள்ளனர். வருசநாட்டு மலைக்கு மறுபுறம், வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. மேகமலைக்கு அப்பால், கம்பம் பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் திறக்கும் அக்கோயிலுக்கு மக்கள் மலையேறிச் செல்கின்றனர். மதுரையில் நீதி கேட்ட கண்ணகி வையைக் கரைவழியே மேற்குநோக்கி நடந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். அவ்வையைக்கு நீர் தரும் மலைகளின் அடியில் வாழும் மாணவர்க்குத் துன்பியல் அயல்நாட்டுச் சரக்காகுமா?

அங்கு வேண்டுவது கட்டடமன்று, ஏற்பாடு. நாடகக் குழு ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊராட்சி ஒன்றியந்தோறும் வரலாம். சுற்றுப் பள்ளிகளின் மாணவர் ஓரிடத்தில் கூடலாம். மேடைக்குப் பள்ளித் திடலும், ஒளிக்குப் பகலவனும் போதும். ஏதென்ஸ் மக்களும் அவ்வாறே கண்டனர். ஒப்பாரி அறிந்த மூதாட்டியரைப் பள்ளிக்கு அழைத்து, நாடகத்திற்கு முன்னரே மாணவர் அவர்களிடம் கேட்டறியலாம். ஊர்க்கூத்துக் கலைஞருக்கும் அதனால் மதிப்பும் ஊதியமும் கிட்டும்.

நாடகம் முடிந்தவுடன் அதன் நீதியை எடுத்துரைக்க ஆசிரியர் விரையலாகாது. சிறிது நேரம் அமைதி நிலவட்டும். மறுநாள் வகுப்பில் மூன்று வினாக்களை மட்டும் முன்வைக்கலாம். யாருடைய துயரத்தை நீ முதலில் உணர்ந்தாய்? யாரை வெறுத்து, பின்னர் அவ்வெறுப்பில் ஐயம் கொண்டாய்? எந்த நொடியில் யார் நினைத்திருந்தால் இத்துயரம் நிகழாமல் இருந்திருக்கும்? இவற்றுக்கு ஒரே விடை இல்லை. ஆகவே மனப்பாடம் செய்யவும் இயலாது.

இன்று இவ்வகுப்பில் அமர்ந்திருப்போர் நாளை கிராம நிருவாக அலுவலராகவும், காவலராகவும், செவிலியராகவும், வங்கி ஊழியராகவும், ஆசிரியராகவும் பணியேற்பர். வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் ஆணை ஒன்றையோ, உதவி மறுக்கும் மடல் ஒன்றையோ மற்றொருவர் கையில் கொடுக்க வேண்டிய நாள் அவர்களுக்கும் வரும். அன்று அவர்கள் தல்திபியஸ் நின்ற இடத்தில் நிற்பர். எதிரில் இருப்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதா, தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதா என்பதை எந்த விதிநூலும் சொல்லித் தராது. அம்முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு முன்னரே வாய்த்திருக்க வேண்டும். அதற்காகவே கேட்கிறோம்: ஒரு பிற்பகல், ஒரு திடல், ஒரு நாடகம்.